புலிக்கு ஒரு தனி அறை

"புலியண்ணா, அந்த சீட் பிரச்சனை என்னாச்சு?"

சோதனைப் பிரிவுப் பெண் தோளைத் தட்டியதும், புலி தலைக்குள் கட்டிவைத்திருந்ததெல்லாம் பொலபொலவென்று சரிந்தது.

அவன் சரிசெய்துகொண்டிருந்தது பஸ் டிக்கெட் விற்கும் ப்ரோக்ராம். ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றுத் தொலைத்துக்கொண்டிருந்தது. போன வாரம் ஒரு ஜன்னலோர சீட்டுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். பஸ் முதலாளி சாயங்காலம் நேரில் வருகிறார். அதற்குள் சரிசெய்துவிட்டால் புலிதான் அடுத்த டீம் லீடர் என்று மேனேஜர் மேடம் சொல்லியிருந்தார். அவனும் கிளம்பும்போதே மனைவியிடம், "சாயங்காலம் டீம் லீடராத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

புலி என்பது ஆபீஸில் அவன் பெயர். யார் வைத்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. அவனே வைத்துக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. வேலையில் நிஜமாகவே கெட்டிக்காரன். அதில் அவனுக்கும் சந்தேகமில்லை.

"இப்பத்தாம்மா நுனி கையில சிக்குச்சு. அறுத்துவிட்டுட்டியே!"

"நீங்கதானே அரை மணிக்கு ஒரு தரம் வந்து கேளுன்னு சொன்னீங்க?"

அதை அவன் காதில் வாங்கவில்லை. எழுந்து நின்று கையைத் தட்டினான்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க!"

வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன. ப்ரோக்ராம் எழுதுகிறவன் மனசு அடுக்கிவைத்த தட்டு மாதிரி, லேசாக இடித்தாலும் மறுபடி முதலிலிருந்து அடுக்கவேண்டும் என்று விளக்கினான். பக்கத்து மேசைக்காரர் நடுவில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டதால், அவருக்காக இன்னொரு தடவை விளக்கினான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, தான் எந்த வரியில் இருந்தோம் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

சரி, காதை அடைத்துவிடலாம் என்று ஹெட்போனை மாட்டி, பிடித்த பாட்டை வைத்தான். வேலை சூடுபிடித்த நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் தட்டினார்.

"புலி, கொஞ்சம் பாட்டை..."

"வெளியில கேக்குதா?"

"பாட்டு கேக்கல. நீங்க பாடறதுதான் கேக்குது."

"ஹெட்போன் போட்டாக்கூட விட மாட்டேங்கிறாங்களே!" என்று நாலு மேசைக்குப் போய் முறையிட்டுவிட்டு வந்தான்.

அடுத்து ஒரு பலகை. 'தொந்தரவு செய்யாதீர்' என்று எழுதி மேசையில் வைத்தால் தீர்ந்தது. ஆனால் புலி எதையும் ஏனோதானோவென்று செய்கிறவன் இல்லை. நேராகப் படம் வரைகிற பெண்ணிடம் போனான்.

"பிஸியா?"

"ஆமா சார், மதியத்துக்குள்ள இதைக் குடுக்கணும்."

"நல்லது. ரெண்டே நிமிஷம்."

சிவப்பா மஞ்சளா என்று முடிவாகவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சொல்லாதவர்களையும் அவன் விடவில்லை. பலகை தயாரானபோது சாப்பாட்டு நேரமே போய்விட்டது. அதைப் படிக்க நின்றவர்களுக்கெல்லாம் அது ஏன் அவசியம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

கடைசியில், மெசேஜையாவது நிறுத்துவோம் என்று தோன்றியது. 'நான் மெசேஜ் பார்க்க மாட்டேன், அனைவரும் உறுதி செய்யவும்' என்று ஆபீஸ் முழுமைக்கும் அனுப்பினான். எல்லார் மேசையிலும் 'டிங்' என்றது. எல்லாரும் 'சரி' என்று பதில் போட்டார்கள். ஒவ்வொரு 'சரி'க்கும் எல்லார் மேசையிலும் மறுபடி 'டிங்'.

புலி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு வரிகூட நகரவில்லை. டீம் லீடர் பதவி கண்ணெதிரே பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் அறைக்கு ஓடினான்.

"மேடம், இவங்க யாரும் என்னை வேலை செய்ய விடல. ஒரு மணி நேரம் தனியா விடுங்க, முடிச்சுக் காட்டறேன்."

"கோடி ரூமைக் காலி பண்ணி வச்சாச்சு, புலி. உடனே போங்க."

கேட்பதற்கு முன்பே காலி செய்திருக்கிறார்கள்! திறமைக்கு மதிப்புக் கொடுக்கிற ஆபீஸ் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். ஈ எறும்பு சத்தமில்லை. முதல் ஆள் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்த சீட் காலி என்று இரண்டாவது ஆளுக்கும் காட்டுவதுதான் கோளாறு என்று பளிச்சென்று பிடிபட்டது. மளமளவென்று மாற்றி எழுதினான். பஸ் முதலாளி வந்து இரண்டு போனில் ஒரே சீட்டை அமுக்கிப் பார்த்தார். ஒன்றுக்குக் கிடைத்தது, மற்றது மன்னிப்புக் கேட்டது. முதலாளி அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"இனிமே அந்த ரூம் உங்களுக்குத்தான்," என்றார் மேடம். ஆபீஸே எழுந்து நின்று கைதட்டியது. படம் வரைகிற பெண்ணுக்குக் கண்கூடக் கலங்கியது.

"அப்ப டீம் லீடர்..."

"முதல்ல ரூம்ல போய் உட்காருங்க, புலி."

அப்படியென்றால் கிடைத்த மாதிரிதான்! நடந்துகொண்டே மனைவிக்குப் போன் போட்டான். "சொன்னேன்ல? தனி ரூம்!"

"ரொம்ப சந்தோஷங்க. நிதானமா இருந்துட்டு வாங்க."

அறை வாசலில் தச்சர் மண்டியிட்டுக் கதவில் துளை போட்டுக்கொண்டிருந்தார். புலி இடுப்பில் கைவைத்து நின்றான்.

"தாழ்ப்பாள் நல்லா கெட்டியா இருக்கட்டும். உள்பக்கமா போடுங்க. கண்டவங்களும் வந்து தொந்தரவு பண்ணக்கூடாது."

தச்சர் வேலையை நிறுத்தி, கையிலிருந்த தாழ்ப்பாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளிப்பக்கமா போடணும்னுல்ல சார், காலையிலேர்ந்து உங்க ஆபீஸ்ல ஒவ்வொருத்தரா போன் பண்ணிச் சொன்னாங்க."