கோலியண்ணை விட்ட கோல்

பந்து விளையாடிச் சம்பாதித்தவர்கள் விளையாட்டை விட்ட பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். சிலர் பயிற்சியாளர் ஆவார்கள், சிலர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து மற்றவர்களின் ஆட்டத்தைக் குறை சொல்வார்கள், சிலர் சாப்பாட்டுக் கடை போட்டு உடம்பு வைப்பார்கள். விளையாட்டை விட்ட பிறகும் கோல் காப்பதை விடாத ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் கோலியண்ணைதான். அப்படி இன்னொருவர் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் எழுதுவதை விட்டுவிடுகிறேன்.

கொழும்பில் ஒரு கிளப்புக்கும், பிறகு மாலைதீவில் ஒரு கிளப்புக்கும் சம்பளத்துக்கு விளையாடிய கோல் கீப்பர் அவர். முழங்கால் போனதும் திருகோணமலைக்கே திரும்பி வந்தார். வந்தவருக்கு வேலை கிடைப்பதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. கிடைத்தது நிலைப்பதில்தான் சிக்கல். உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வாசல் காவலுக்கு வைத்தார்கள். வெள்ளைக்காரர் ஆரும் பெட்டியோடு வந்தால் இவர் முழங்காலை மடித்து, கைகளை விரித்து, அவர்கள் போகிற பக்கமெல்லாம் தானும் போவாராம். அறை பதிவு செய்திருந்த சனமும் பயந்து பக்கத்து ஹோட்டலுக்குப் போய்விட்டது. பிறகு கிண்ணியா பஸ்ஸில் கொண்டக்டர் வேலை. அந்த வேலையின் சாரமே ஆட்களை உள்ளே அடைப்பதுதான். இவர் மிதிபலகையில் நின்றுகொண்டு ஒருவரையும் ஏற விடவில்லை. மீன் சந்தையில் நடந்ததை நானே பார்த்தேன். படகுக்காரர் எறிந்த பாரை மீனைத் தாவி அழகாகத்தான் பிடித்தார். பிடித்த கையோடு இரண்டடி ஓடி, காலால் ஓங்கி ஒரு உதை. மீன் வீதிக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தது, வேலையும் அதோடு போனது.

அதன் பிறகுதான் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். துறைமுகத்துக்கு வரும் கோதுமைக் கப்பல், சீமெந்துக் கப்பல் எல்லாவற்றுக்கும் ஏஜென்சி வேலை பார்க்கிற இடம். வாசலில் தொலைபேசி மேசை. வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்து, உள்ளே உரியவருக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு அடுத்த மேசை என்னுடையது. ஆகவே எல்லாவற்றையும் பார்க்கிற பாக்கியமும், பதில் சொல்கிற தலைவிதியும் எனக்கே வாய்த்தன.

இந்த இடத்தில் வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பேச்சில் பந்து வலைக்குள் போனாலும் கோல்தான், தொலைபேசியில் அழைப்பு வந்தாலும் கோல்தான். இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்வோம், ஒரே மாதிரித்தான் எழுதுவோம். இதனால் ஆருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை, கோலியண்ணை வரும் வரைக்கும்.

எங்கள் மனேஜர் கிண்ணியாக்காரர். நல்ல மனிதர், ஆனால் பந்து உருண்டையா சதுரமா என்று தெரியாது. மாலைதீவில் வேலை செய்தவர் என்றதும் ஏதோ பெரிய ஹோட்டலில் தொலைபேசிக்கு இருந்தவர் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். நேர்முகத்தில் கேட்டது ஒரே கேள்விதான்.

"கோல் விசயத்தில அனுபவம் இருக்கோ?"

"இருக்கு சேர். ஒரு சீசன் முழுக்க விளையாடி ரெண்டு மூண்டுதான் விட்டிருக்கிறன்."

ஒரு சீசனில் இரண்டு மூன்று அழைப்பை மட்டுமே தவறவிட்ட மனிதரா என்று மனேஜர் பூரித்துப் போனார். விளையாடி என்ற சொல்லை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் பார்ப்பது, பிடித்தால் நிரந்தரம் என்று பேசி முடித்தார்கள்.

முதல் நாள் மணி அடித்தது. கோலியண்ணை கதிரையை விட்டு எழும்பி, குனிந்து, தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரே பாய்ச்சலில் ரிசீவரைப் பிடித்து இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தார். மறுமுனையில் இருந்தவருக்கு இவருடைய இதயத் துடிப்பு மட்டும்தான் கேட்டிருக்கும். பாவம், அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பின்னேரம் மனேஜர் வெளியே வந்து, இன்றைக்குக் கோல் ஒன்றும் வரவில்லையா என்று கேட்டார்.

"வந்தது சேர். எல்லாத்தையும் தடுத்திட்டன்."

மனேஜர் அவரைக் கூப்பிட்டு வைத்து நெடுநேரம் விளங்கப்படுத்தினார். இந்த இடத்தில் கோல் உள்ளே போக வேண்டும், போகப் போகத்தான் எங்களுக்கு லாபம் என்று. வெளியே வந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, அப்ப நாங்கள் எந்தப் பக்கம்?"

உண்மையைச் சொன்னால், அந்த அலுவலகத்தில் இருந்த அத்தனை வருசமும் எனக்கு அது தெரியவில்லை.

அதன் பிறகு அவர் எல்லாவற்றையும் விடத் தொடங்கினார். காப்புறுதி விற்கிறவன், சாத்திரம் சொல்கிறவன், இலக்கம் பிழைத்து எடுத்தவன் எல்லோரும் நேரே மனேஜரின் காதுக்குள் போனார்கள். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டு, "விட்டாச்சு" என்று ஒரு பெருமூச்சு விடுவார். இழவு வீட்டில் சொல்வது போலச் சொல்வார். நாங்கள் வேலையை விட்டுவிட்டு அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டி இருந்தது.

மூன்று மாதமும் முடியப் போகிற நேரத்தில் மனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. கோலியண்ணையின் மனைவி ஒருநாள் மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவர், என் பக்கத்தில் இருந்து அழாத குறையாகச் சொன்னார். இதுதான் கடைசி வேலையாம். இதற்குப் பிறகு ஊரில் ஆரும் கூப்பிட மாட்டார்களாம். வேலையில்லாமல் இருந்த நாளில் மனிதர் குசினி வாசலில் நின்று பூனையைக்கூட உள்ளே விடவில்லையாம். "இந்த முறையும் திருப்பி அனுப்பினா இந்த மனுசன் உடைஞ்சு போயிடும் தங்கச்சி" என்றார். கோலியண்ணைக்கு அது கேட்டிருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

கொழும்பிலிருந்து பெரியவர்கள் கூட்டத்துக்கு வந்தது அந்தக் கிழமைதான். கூட்டத்துக்குப் போகிறவர்கள் கைத்தொலைபேசிகளை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் போட்டு வாசல் மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். தன்னுடையதைப் போடும்போது மனேஜர் கோலியண்ணையை நேரே பார்த்துச் சொன்னார். "இண்டைக்கு ஒரு கோலும் உள்ள வரப்படாது. ஒண்டு வந்தாலும் நீங்கள் நாளைக்கு வர வேண்டாம்."

கோலியண்ணையின் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் கண்டேன். அந்த அலுவலகத்தில் அவருக்கு விளங்கிய முதல் கட்டளை அது. மேசை லாச்சியைத் திறந்து பழைய கையுறைகளை எடுத்து மாட்டினார். தொலைபேசியையும் கூடையையும் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கதிரையைக் கூட்ட அறைக் கதவுக்கு முன்னால் இழுத்துப் போட்டார். என்ன ஆட்டம் என்கிறீர்கள். கப்பல் கப்டன் எடுத்தார், ஏலாது. சுங்கத்திலிருந்து எடுத்தார்கள், ஏலாது. தேத்தண்ணித் தட்டோடு வந்தவரையும் இடப்பக்கம் வலப்பக்கம் என்று மறித்ததில் தேத்தண்ணி ஆறிப்போனது. இந்த மனிதர் தப்பிவிடுவார் என்று நான் நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தெரிந்த கடவுளையெல்லாம் கும்பிட்டேன்.

அப்போதுதான் கூடைக்குள் மனேஜரின் கைத்தொலைபேசி அடித்தது. திரையில் வீடு என்று விழுந்தது. நின்றது, திரும்பவும் அடித்தது. கோலியண்ணை அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்துக் கேட்டார். கேட்டவர் எழும்பி, தான் காத்த கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"சேர், கோல்."

"நான் என்ன சொன்னனான் உங்களுக்கு?"

"வீட்டில இருந்து. உம்மாவுக்கு வருத்தம் கடுமையாம். இன்னும் பேச்சு இருக்காம், உங்களைக் கேக்கிறாவாம். இப்பவே கதையுங்கோ."

மனேஜர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே படியிறங்கி ஓடினார். கொழும்புக்காரர் ஆளையாள் பார்த்தார்கள். கோலியண்ணை தன் மேசைக்கு வந்து, "விட்டாச்சு" என்றார். கையுறைகளை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார், மனைவிக்கு என்ன சொல்வது என்று என்னிடமே கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே நின்று மெல்லக் கூப்பிட்டிருக்கலாமே, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, இத்தனை பேருக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமா என்று படபடவென்று கேட்டேன். அவர் பைக்கு நாடா கட்டிக்கொண்டே சொன்னார்.

"மாலைதீவில பைனல் அண்டைக்கு என்ர போன் டீம் மனேஜரிட்ட இருந்தது. அம்மாவுக்குக் கடுமையெண்டு வீட்டில இருந்து எடுத்திருக்கினம். நான் குழம்பிப் போவன் எண்டு அவர் சொல்லேல்லை. கப் தந்த பிறகுதான் சொன்னவர். அப்ப அம்மா இல்லை." நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். "அண்டைக்கு நான் ஒரு கோலையும் விடேல்லை தங்கச்சி. எனக்கு வந்த கோலையும் அவங்கள் விடேல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்தான் அவருடைய பையைப் பறித்துத் திரும்பவும் மேசையில் வைத்தேன்.

மனேஜரின் உம்மா பிழைத்துவிட்டார். மகன் போய்ச் சேரும்போது நினைவோடு இருந்தாராம், ஏன் மெலிந்துவிட்டாய் என்று ஏசினாராம். அடுத்த கிழமை கிண்ணியாவிலிருந்து ஒரு பெரிய சட்டி வட்டிலப்பம் கோலியண்ணைக்கென்று வந்தது. மனேஜர் அவரை நிரந்தரமாக்கினார். இனி எந்தக் கோலை விடுவது, எதைத் தடுப்பது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். கோலியண்ணை நேரே என்னிடம் வந்து, அப்படியென்றால் விடுவதா தடுப்பதா என்று கேட்டார்.

நான் இப்போது அந்த அலுவலகத்தில் இல்லை, மட்டக்களப்புக்கு மாறி வந்துவிட்டேன். ஆனாலும் சில நாள் ஒரு அலுவலும் இல்லாமல் அந்த இலக்கத்துக்கு எடுப்பேன். ரிசீவர் நெஞ்சில் முட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு ஆரோடு கதைக்க வேண்டும் என்று கேட்பார். உங்களோடுதான் அண்ணை என்பேன். எத்தனை முறை எடுத்தாலும் அதே கேள்விதான் வரும்.

"அப்ப இது எனக்கு வந்த கோலோ?"

ஓம் அண்ணை, உங்களுக்குத்தான்.