கேட்காமல் கம்ப்யூட்டரை மாற்றிய மருமானுக்கு

சின்ன காஞ்சிபுரம்
ஆடி மாதம், சனிக்கிழமை, 2003

சிரஞ்சீவி ஸுதர்சனுக்கு உன் மாமா முரளீதரன் மனப்பூர்வமாக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் நானும் மாமி சூடாமணியும் பெருமாள் கிருபையில் க்ஷேமம். சென்னையில் நீயும் உன் அம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் க்ஷேமமாக இல்லாத ஒரே வஸ்து, கூடத்து மூலையில் இருக்கிற கம்ப்யூட்டர்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மாமா ஏன் கையால் எழுதுகிறார் என்று யோசிக்காதே, அதற்கும் காரணம் நீதான்.

வைகாசி கருட சேவைக்கு வந்தவன், சேவித்தோமா, புளியோதரை சாப்பிட்டோமா, பஸ் ஏறினோமா என்று இல்லாமல், நான் மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டாய். மாமாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் போனாயாம். எழுந்து வந்து பார்க்கிறேன், என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாத்து. அதைத் தட்டினால் பச்சைப் புல்மேடு, மேலே ஆகாயம், மேகம். கூரத்திலிருந்து ஓரிக்கை வரைக்கும் நடந்து பார், அப்படி ஒரு புல்மேடு உன் கண்ணில் பட்டால் எனக்கு எழுது. பழசு சாம்பல் நிறத்தில் சர்க்கார் ஆபீஸ் பீரோ மாதிரி இருந்தது என்று நீ கேலி செய்வாய். இருக்கட்டுமே, அந்த பீரோவில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாமியோ உன் கட்சி. "ஏன்னா, நன்னாத்தானே இருக்கு. மயில்கழுத்து நீலத்துல பச்சைக் கரை. ஆடித் தள்ளுபடில இந்த காம்பினேஷன் வந்தா எனக்கு ஒண்ணு எடுங்கோ" என்கிறாள். புடவைக்குச் சரி, நான் இதை உடுத்திக்கொள்ளவா போகிறேன்?

சரி, பழகிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஸ்டார்ட்டைத் தட்டினால் முன்பெல்லாம் பெயர்கள் ஒழுங்காக ஒரே வரிசையாக ஏறும், இப்போது பந்தி போட்ட மாதிரி இரண்டு வரிசை. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்றே தெரியவில்லை. நான் அடிக்கடி தொடாததை எல்லாம் அதுவாகவே உள்ளே ஒளித்து வைத்துக்கொள்கிறது. எங்கள் தெருவின் ஆடிப்பூர நோட்டீஸை வருஷா வருஷம் நான்தானே அடித்துக் கொடுக்கிறேன், இந்த வருஷம் திறந்தால் ஆண்டாளின் திருநாமம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக நிற்கிறது. தமிழ் எழுத்தைக் காணோம். கையால் எழுதி பிரஸ்ஸில் கொடுத்தேன், என் கையெழுத்தை அவன் படித்த லட்சணத்தில் கோஷ்டி கிளம்பும் நேரம் ஆறரைக்குப் பதில் எட்டரை என்று அச்சாகி, நானும் அடுத்த வீட்டு ஆதிகேசவனும் மட்டும் ஆறரைக்கே தெருமுனையில் தம்பூரா இல்லாமல் நின்றோம். பிரௌசிங் சென்டர் கலியனிடம் போய்ப் பழசையே போட்டுக் கொடுப்பா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்து, "இன்னா சார் நீங்க, எல்லாம் இதுக்குத்தான் மாறிக்கினு இருக்காங்க. பழச கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன் ஸுதர்சன். நேற்று நடந்ததைத்தான் விட முடியவில்லை. சாயங்காலம் மாமி விளக்கேற்றிவிட்டு ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழ் மூலையிலிருந்து மஞ்சளாக ஒரு பலூன் எழும்பி, உங்கள் டெஸ்க்டாப்பில் பயன்படுத்தாத ஐகான்கள் இருக்கின்றன, சுத்தம் செய்யலாமா என்று இங்கிலீஷில் கேட்டது. நம் வீட்டில் ஒருவர் வந்து ஒன்றைக் கேட்டால் பதில் சொல்லாமல் அனுப்புகிற வழக்கம் கிடையாது. அதுவும் இத்தனை பவ்யமாகக் கேட்கிறது. அடுத்தது, அடுத்தது என்று ஏட்டைப் புரட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே போனேன், கடைசியில் ஒரு ஜாபிதா. பழைய நோட்டீஸ், சீட்டாட்டம் என்று வரிசையாகப் பெயர், எதிரில் கடைசியாகத் தொட்ட தேதி. ஒரு பெயருக்கு எதிரில் மட்டும் தேதியே இல்லை, ஒருபோதும் இல்லை என்று போட்டிருந்தது. அந்தப் பெயர் ஸிந்துஜா. படிப்பதற்குள் விரல் தட்டிவிட்டது.

என் பெண்ணைப் பற்றி இரண்டு வருஷமாக நான் யாரிடமும் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். இந்தக் கம்ப்யூட்டர் அவள் சம்பாதித்து வாங்கி வைத்தது. இதிலேதான் அவள் கல்யாணப் பத்திரிகையை நானே அடித்து, நானும் மாமியும் குங்குமச் சிமிழோடு ஊரெல்லாம் கொடுத்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறோம், "அப்பா, இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா. எவ்வளவோ தடவை சொல்லப் பார்த்தேன், நீங்க காதுல வாங்கல" என்றாள். இனிமேல் என்னோடு பேசாதே என்றேன். அதுவரை நான் சொன்ன எதையும் கேட்காதவள், அதை மட்டும் அப்படியே கேட்டுக்கொண்டு பூனாவுக்குப் போய்விட்டாள். போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள், திரையின் வலது மூலையில் அவள் பெயர் போட்ட அந்த ஐகானை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். நான் அதைத் திறந்ததில்லை. திறக்கவா வைத்திருந்தேன்? தினம் உட்காரும்போது அது அங்கே இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பேன், அவ்வளவுதான்.

தொடவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தமா, நீயே சொல். நம் ஊர்ப் பெருமாள் கோவில் குளத்தில் அத்திவரதர் தண்ணீருக்குள் சயனித்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒரு தரம்தான் வெளியே வருவார். கடைசியாக எழுபத்தொன்பதில் வந்தார், உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாள். இந்தப் புது மிஷினிடம் விட்டால் அவரையும், இருபத்துநாலு வருஷமாகப் பயன்படுத்தவில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்கும். எடுத்தும்விடும்.

நான் ஐயோ என்ற சத்தம் கேட்டு மாமி ஸ்லோகத்தைப் பாதியில் விட்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "விளக்கேத்தின வேளையில நான் குப்பையைக்கூட வெளியில தள்ள மாட்டேன். நீங்க கொழந்தையத் தள்ளிட்டேளே" என்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய்விட்டாள், இன்று காலை காபி வந்தது, பேச்சு வரவில்லை.

தேடுவதற்கென்று ஒரு வழி இருக்கிறதே என்று அதைத் தட்டினேன். தட்டினால் ஒரு நாய் வருகிறது! நித்தியம் திருவாராதனம் நடக்கிற வீட்டில், அதுவும் பெருமாள் அலமாரிக்கு நேர் எதிரே, வாலை ஆட்டிக்கொண்டு ஒரு நாய். பெயரைக் கேட்டது. ஸிந்துஜா என்று அடித்தேன். இதை எழுதுகிற இந்த நிமிஷமும் அது காதைச் சொறிந்துகொண்டு மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வரிக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் ஸுதர்சன், வயசாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

ஆகவே நீ அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய சிடியை எடுத்துக்கொண்டு கட்டாயம் புறப்பட்டு வர வேண்டியது. வாத்து, நாய், புல்மேடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முன்பு எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருக்கும்படி செய்து கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கருட சேவைக்கு உனக்கு இந்த வீட்டில் புளியோதரை கிடையாது. உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல், மூட்டுவலிக்கு மாமி சொன்ன தைலத்தை நிறுத்தாமல் தேய்க்கச் சொன்னதாகவும் சொல். நீ தீர்க்காயுசாக, பிறர் தூங்கும்போது அவர்கள் சாமானைத் தொடாதவனாக இருக்க வேண்டும் என்று தேவப்பெருமாளைப் பிரார்த்திக்கும்,

உன் மாமா
முரளீதரன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நாய் கண்டுபிடித்துவிட்டது. மிஷின் தானாகவே புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அந்த ஐகானை அதற்குள் தள்ளி வைத்திருந்ததாம். இழுத்துக்கொண்டு வந்து பழைய மூலையிலேயே வைத்தேன். ஒரு தடவை திறந்துவிட்டால் மறுபடி எடுத்துவிடலாமா என்று அது கேட்காது என்றுதான் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. போகும் முன்னால் அதையும் காலி செய்துகொண்டுதான் போயிருக்கிறாள். இத்தனை நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் பெயரை. நீ வர வேண்டாம், சிடியும் வேண்டாம். ஸிந்துஜாவின் பூனா நம்பர் உன்னிடம் இருக்கும். மாமியிடமும் இருக்கிறது, கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள், அது என்னால் ஆகாது. ஒரு கார்டில் எழுதி உடனே அனுப்பு. எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் அவளே எடுப்பாள் என்பதையும் சேர்த்து எழுது.