பொட்டு வைத்த ஐம்பத்தொன்பது

பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற நிறுத்தம் வரை போய், அவர்களோடு இறங்கி நடந்து திரும்புகிறவள் நான். ராயபுரத்தில் இறங்க வேண்டியவள் ஒரு தடவை அப்படியே திருவொற்றியூர் வரை போய்விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் வயதைக் குறைத்துச் சொன்ன கதையைச் சொல்லப் போகிறேன். கேட்டதும் 'கிழவிக்கு ஆசையைப் பார்' என்றுதான் நினைப்பீர்கள். அழகுக்காக நான் குறைக்கவில்லை. பயத்தில் குறைத்தேன்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பழக்கம். நிச்சயத்தில் தட்டு மாற்றும்போது, இரண்டு சம்மந்தி அம்மாக்களில் யார் மூத்தவளோ அவள் எழுந்து நின்று, "இந்தச் சம்மந்தம் எங்களுக்கு மனப்பூர்வம்" என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். ஆண்கள் எவ்வளவு பேசினாலும் செல்லாது. (இதை ஏற்படுத்திய புண்ணியவதி என்னைப் போன்றவர்களையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.)

என் மகள் செல்விக்கு எண்ணூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா பாக்கியம், முப்பது வருஷமாகக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாலே கடலில் போகிற படகு திரும்பிப் பார்க்கும். பெண் பார்க்க வந்த அன்றே என்னிடம் கேட்டார்.

"ஏம்மே, உனுக்கு இன்னா வயசாவுது? எனுக்கு அம்பத்தாறு."

எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது. அந்த நொடியில் சபை நடுவில் நான் நிற்பதும், எல்லோரும் என் வாயையே பார்ப்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே, "ஐம்பத்திமூணு" என்றது.

"அப்போ நீ எனுக்குத் தங்கச்சி. சபைல நான் பேசிக்கிறேன், நீ கம்முனு குந்து."

காதில் தேன் பாய்ந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரருக்குக் காபி புரையேறியது. தேன் பாய்ந்த அதே காதில் அடுத்ததும் விழுந்தது.

"பொண்ணுக்கு இருபத்தேழுன்னீங்களே, மெய்தானே? மின்ன ஒரு எடத்துல பொண்ணு வயசக் கொறச்சி சொல்லி எங்கள ஏமாத்தப் பாத்தாங்கோ. தெரிஞ்ச ஒடனே தட்டத் தூக்கினு வந்துட்டோம்."

செல்விக்கு இருபத்தேழு என்பது சத்தியம். ஆனால் அம்மாவே ஆறு வருஷத்தை முழுங்கியவள் என்று தெரிந்தால், மகள் வயதை யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிச்சயத்தைத் திருச்செந்தூரில் வைக்க வேண்டும் என்பது சம்மந்தி வீட்டு வேண்டுதல். இரண்டு குடும்பமும் சேர்ந்து பதினான்கு பேர், ஒரே பெட்டியில் படுக்கை டிக்கெட். எடுத்தது என் வீட்டுக்காரர். அப்போதெல்லாம், அதாவது கொரோனாவுக்கு முன்னால், ஐம்பத்தெட்டு முடிந்த பெண்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணம். ஆண்களுக்கு அறுபது ஆக வேண்டும், அப்போதும் பாதி கிடைக்காது. அந்த ஐம்பத்தெட்டு எனக்கு எப்போது முடியும் என்று அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து என் பிறந்தநாளுக்கு அந்த மனிதர் அவ்வளவு ஆசையாகக் காத்திருந்ததே இல்லை.

"இந்த ஒரு தடவை எனக்கு முழு டிக்கெட் எடுங்களேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு? கெவருமெண்டே பாத்துக் குடுக்குது. அத வேணாங்கிறதுக்கு நீ யாரு?"

டிக்கெட் அவர் சட்டைப் பையில்தானே இருக்கும், சம்மந்தி எங்கே பார்க்கப் போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எழும்பூரில் சாயங்கால வண்டிக்கு மூன்றரைக்கே போய் நின்றோம். அங்கேதான் எமன் பெட்டியின் கதவுக்குப் பக்கத்தில் காகிதமாக ஒட்டிக்கொண்டு நின்றான்.

சார்ட்! பேர், சீட்டு நம்பர், ஆணா பெண்ணா, வயது, எல்லாம் வரிசையாக அடித்து, போகிறவர் வருகிறவர் பார்க்க ஒட்டியிருந்தார்கள். எனக்கு அஞ்சாவது வரைதான் படிப்பு. ஆனாலும் என் பேர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று பேங்க் புத்தகத்தில் பார்த்த பழக்கம் உண்டு. கண்டுபிடித்துவிட்டேன். இருபத்துமூன்றாம் நம்பர், பக்கத்தில் கொட்டை எழுத்தில் 59.

சம்மந்திக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஏலம் விடுகிற பொம்பளைக்கு நம்பர் தெரியாமல் இருக்குமா? "நம்ப சீட்டு எங்க கீதுன்னு பாக்கலாம், இரு தங்கச்சி" என்று குரல் கொடுத்தபடி வந்துகொண்டிருந்தார். முதலில் சார்ட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். "கொஞ்சம் நகருங்கம்மா, பேர் பார்க்கணும்" என்று நாலு பேர் அதட்டினார்கள். யாராவது அதட்டினால் நகர்வதுதானே என் பிறவிக் குணம். நகர்வதற்கு முன்னால் கை தானாக நெற்றிக்குப் போனது. ஒட்டியிருந்த பெரிய குங்குமக் கலர் ஸ்டிக்கர் பொட்டை உரித்து, 59-இன் மேல் அழுத்தி ஒட்டினேன். வீட்டு நிலைக்கண்ணாடியில் கூட அவ்வளவு கச்சிதமாக ஒட்டியதில்லை.

சம்மந்தி சீட்டு நம்பரை மட்டும் பார்த்துவிட்டு ஏறினார். ஜெயித்துவிட்டேன் என்று நானும் பின்னாலேயே ஏறி உட்கார்ந்தேன். அப்போது பார்த்தார் என் நெற்றியை.

"ஐயையோ! இன்னாமே நெத்தி காலியா கீது? நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல, புருசன் குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கீறாரு!"

குத்துக்கல் பிளாட்பாரத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது. "எங்கேயோ விழுந்துடுச்சு" என்றேன். "எங்க வூட்டுப் பொண்ணுங்ககிட்ட கீது, எடுத்தாரேன்" என்று சம்மந்தி பெட்டியின் மறுகோடிக்குப் போனார். செல்வி மாப்பிள்ளையோடு அந்தக் கோடிக் கதவருகே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் தனியாக இருந்த நேரம் பார்த்து, கறுப்புக் கோட்டோடு டி.டி.ஆர் வந்தார்.

"இருபத்துமூணு. தனலட்சுமி, ஐம்பத்தொன்பது, சீனியர் சிட்டிசன். யாரு?"

அவர் சொன்னது அடுத்த பெட்டிக்கே கேட்டிருக்கும். மறுகோடியிலிருந்து சம்மந்தி திரும்பி வருகிற சத்தமும் கேட்டது. என் வாய் மறுபடியும் என்னைக் கேட்காமல் திறந்தது.

"அவங்க வரல சார்."

"வரலையா? அப்போ நீங்க?"

"வழியனுப்ப வந்தேன்."

"யாரை? அவங்கதான் வரலைன்னு சொல்றீங்களே!"

அவர் பேரை அடித்துவிட்டு, "வண்டி எடுக்கப் போறாங்க, எறங்குங்கம்மா" என்றார்.

இறங்கிவிட்டேன். (ஆமாம். அதட்டினார் அல்லவா.)

பிளாட்பாரத்தில் நின்ற பிறகுதான், ரயிலில் போக வேண்டியவளே நான்தான் என்பது மண்டையில் உறைத்தது. வண்டி அசைந்தது. ஐம்பத்துமூன்றோ ஐம்பத்தொன்பதோ, அந்த வயது அப்படி ஓடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு பெட்டி தள்ளி ஏதோ ஒரு புண்ணியவான் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். உள்வழியாகவே இடித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் இடத்துக்கு வந்தேன்.

அங்கே என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "தனம்! ஏ தனம்!" என்று ஓடுகிற மரங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். செல்வி அழுதுகொண்டிருந்தாள். சம்மந்தி விரல் நுனியில் ஒரு பொட்டோடு திகைத்து நின்றார். என் இடத்தில் ஒரு பருத்த மனிதர் சம்மணம் போட்டுப் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்.

"என் பொஞ்சாதி சீட்ட இவருக்கு ஏன் சார் குடுத்தீங்கோ?" என்று வீட்டுக்காரர் டி.டி.ஆரிடம் எகிறினார்.

"வரலைன்னு இந்தம்மாதானே சொன்னாங்க! ஏம்மா, நீங்க யாரு?"

பெட்டி முழுக்க என்னைப் பார்த்தது. சபைக்குப் பயந்தவளுக்கு ரயிலே சபையாக வந்து சேர்ந்தது.

"வராத தனலட்சுமி நான்தான்" என்றேன்.

"வயசு?"

முணுமுணுத்தேன்.

"ஃபேன் சத்தத்துல கேக்கலம்மா, உரக்கச் சொல்லுங்க."

"ஐம்பத்தொன்பது!"

புளிசாதக்காரர் வாயில் வைத்த கவளத்தை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஓ, அந்த இருபத்துமூணா? சார்ட்டுல வயசு மேல பொட்டு ஒட்டியிருந்துச்சே. ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன்."

சம்மந்தி என் நெற்றியைப் பார்த்தார். தன் விரலில் இருந்த பொட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். ஏலக்காரி வாயை மூடினால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. தாம்பரம் வந்து போனது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையையே பார்த்தாள். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தார்.

கடைசியில் சம்மந்தி திரும்பினார். "பொண்ணு வயசாவது மெய்யா?"

எங்கிருந்து வந்ததோ, பேசினேன். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், அவள் பிறந்த அன்று பெய்த மழை, நிச்சயத்தில் எழுந்து பேச வேண்டுமே என்று எனக்கு வந்த பயம், எல்லாவற்றையும் கொட்டினேன். அறுபது வருஷத்துக்குச் சேர்த்து வைத்த பேச்சு.

"சபைல ஒரு வார்த்த சொல்றதுக்குப் பயந்துகினா இத்தினி கூத்தும்? ரயில வுட்டே எறங்கினியா?"

"அதட்டினாரு..."

அவ்வளவுதான். சம்மந்தி சிரித்த சிரிப்பு இன்ஜின் வரை கேட்டிருக்கும். புளிசாதக்காரர் இடத்தைத் திருப்பித் தருவதாக இல்லை. சம்மந்தி தன் படுக்கையில் காலை மடக்கி இடம் விட்டார். கட்டை விரலால் என் நெற்றியில் பொட்டை அழுத்தினார். "குந்துக்கா. இனிமே நீதான் மூத்தவ. நாளிக்கு சபைல நீதான் பேசணும். எறங்கி ஓடினே, கால ஒடச்சிடுவேன்."

மறுநாள் சபையில் எழுந்து நின்றேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சொல்ல வேண்டிய வாக்கியம் மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "தனலட்சுமி. ஐம்பத்தொன்பது. வந்துட்டேன்."

தட்டு மாறியது. அதுவே செல்லும் என்று சம்மந்தி தீர்ப்புச் சொன்னார்.

இப்போது செல்விக்கு இரண்டு பிள்ளைகள். எந்த விசேஷத்தில் நான் மூலையில் ஒதுங்கினாலும் அதுகள் இரண்டும், "அவங்க வரல சார்!" என்று கத்தும். கொரோனாவில் நிறுத்திய சலுகை திரும்ப வரவில்லை. "எந்த வயசு வேணா சொல்லிக்கோக்கா, எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு" என்பார் சம்மந்தி.

போன மாதம் மறுபடியும் திருச்செந்தூர் போனோம். பெட்டியில் காகிதம் ஒட்டவில்லை. டிக்கெட் என் வீட்டுக்காரர் செல்போனில் இருந்தது. சம்மந்தி அதைப் பிடுங்கி, கண்ணைச் சுருக்கி நம்பரைத் தேடினார். பிறகு தன் நெற்றிப் பொட்டை உரித்து, என் வயதின் மேல் ஒட்டிவிட்டு, போனை என் கையில் கொடுத்தார்.

"இந்தா, இப்போ நிம்மதியா ஏறு."