சொந்த ஆளின் கணுக்கால்

கை நீளம் என்று பேர் வாங்கியவனுக்கு ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். எனக்கும் கை நீளம்தான். ஆனால் அது அடுத்தவன் சட்டைப் பையைத் தேடி ஒருநாளும் போனதில்லை. அடுத்தவன் கணுக்காலைத் தேடித்தான் போகும். அந்தக் கையால்தான் எனக்கு வேலை கிடைத்தது. அந்தக் கையால்தான் அது போகவும் பார்த்தது.

அறுபதுகளில் பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலை சடுகுடு அணி ஒன்றை வைத்திருந்தது. ஆடத் தெரிந்தவனுக்கு வேலை உண்டு. நான் இடது ஓரத்தில் நிற்கும் பிடிகாரன். பாடி வருகிறவனின் முகத்தை நான் பார்ப்பதே இல்லை, காலை மட்டும்தான். (இன்றும் ரயிலில் யாராவது வந்து "என்னைத் தெரியுதா?" என்றால் திருதிருவென்று விழிப்பேன். செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினால் பேர், ஊர், அணி எல்லாம் சொல்லிவிடுவேன்.) தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை எல்லா அணியிலும் "அந்த இடது ஓரத்துப் பக்கம் போகாதே" என்று சொல்லித்தான் ஆளை அனுப்புவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பத்து வருஷம் ஆடிய பிறகு வலது மூட்டு போயிற்று. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆடத்தான்யா உனக்கு வேலை குடுத்தோம். இனிமே பசங்களுக்குச் சொல்லிக் குடு. பொங்கல் போட்டியில கப்பு வந்தா நீதான் நிரந்தரக் கோச். வரலைன்னா சுண்ணாம்புத் தொட்டிக்குப் போயிடு."

சுண்ணாம்புத் தொட்டி என்பது தோலை ஊறப்போடும் குழி. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே தோலைப் புரட்ட வேண்டும். என் மூட்டு அதை ஒரு வாரம்கூடத் தாங்காது. இதில் வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு. முடிச்சூரில் பெண் வீட்டாரிடம் "பையன் கோச்" என்று எங்கள் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார்.

மாடம்பாக்கத்தில் இறுதி ஆட்டம். எங்கள் நம்பிக்கை எல்லாம் காசி மேல்தான். கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. படகுத் துடுப்பு வலித்து வலித்து மூச்சும் தோளும் ஏறிய ஆள். அவன் பாடிப் போனால் பிடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. (ஒருவன் உண்டு. தினமும் பயிற்சியில் நான்தான் பிடிப்பேன்.)

கோச் என்பவன் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது விதி. பெஞ்சில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. ஆட்டம் சூடேற ஏற நானும் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் எதிரணிப் பக்கத்துக் கோட்டோரமாகக் குந்திக்கொண்டு, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் இருந்தேன். நடுவர் துரத்துவார், அவர் திரும்பியதும் நான் பழையபடி வந்துவிடுவேன்.

இரண்டு அணியும் சமம். கடைசிப் பாட்டுக்குக் காசி போகிறான். ஒருத்தனைத் தொட்டுவிட்டான்! இனி நடுக்கோட்டுக்குத் திரும்பினால் போதும், கப்பு எங்களுக்கு. ஏழு பேரும் அவன்மேல் பாய்ந்தார்கள். அவன் நழுவி, நான் குந்தியிருந்த ஓரமாக வந்து, திரும்புவதற்காக இடது காலை வீசினான். அந்த வீச்சு எனக்கு மனப்பாடம்.

நான் யோசித்துச் செய்திருந்தால் அது வேறு விஷயம். பத்து வருஷமாக யோசிக்காமல் செய்வதுதான் என் தொழில். வலது கை குதிகாலுக்கு மேல், இடது கை அதற்கும் மேல், தோள் தரையில். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான பிடியை நான் பிடித்ததில்லை. காசி வெட்டிய வாழையாகச் சாய்ந்தான்.

"சடுகுடு சடுகுடு சடு... ணா! இன்னாணா பண்ற? நான் நம்ம ஆளுணா!"

நடுவர் பாவம், வெளியாள் காலைப் பிடித்தால் என்ன தீர்ப்பு என்று தெரியாமல் வாயில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். காசியே அவருக்கு வழி காட்டிவிட்டான். பேசியதில் பாட்டு நின்றுபோயிற்று. பாட்டு நின்றால் அவுட். ஒரு புள்ளியில் தோற்றோம். அப்போதும் நான் காலை விடவில்லை என்று சொல்வார்கள். விசில் ஊதாமல் விடக்கூடாது என்றுதான் எனக்குப் பழக்கம்.

மேனேஜர் மைதானத்திலேயே சொல்லிவிட்டார்: "நாளைக்குத் தொட்டிக்கு வந்துடு."

எனக்கு அழுகை வந்தது. மண்ணைத் தட்டுவதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்போது காசி நொண்டிக்கொண்டே வந்தான்.

"சார், அந்தாண்ட ஏழு பேரு சேந்து என்னைப் புடிக்கப் பாத்தானுங்க, முடியல. இவுரு மூட்டு போயி, குந்திகினு, ஒரே புடி! இவரைத் தொட்டிக்கு அனுப்சா எங்களுக்கு யாரு சார் கத்துக் குடுப்பா? அந்த ஏழு பேரா?"

மேனேஜர் அவன் கணுக்காலைப் பார்த்தார். என் பத்து விரலும் அதில் பதிந்திருந்தன. முதலில் அவர் மீசைதான் சிரித்தது. பிறகு ஆளே குலுங்கினார்.

"சரி, கோச்சாவே இரு. ஆனா மேட்ச் முடியற வரைக்கும் உன் ரெண்டு கையும் சும்மா இருக்கக்கூடாது."

அன்றிலிருந்து எல்லா ஆட்டத்திலும் தண்ணீர் நிரம்பிய கூஜா கைக்கொன்றாக என் இரண்டு கையிலும். (கூஜா தூக்கி என்று பேர் வாங்கியவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு. நிஜமாகவே தூக்கியவன் நான் ஒருவன்தான்.) அடுத்த பொங்கலுக்குக் கப்பு வந்தது, அதற்கடுத்த பொங்கலுக்கும். நான் தயார் செய்த பிள்ளைகள் காலைப் பிடித்தால், எங்கே ஆடினாலும் "இது பம்மல் புடிடா" என்று சொல்லும்படி ஆயிற்று. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருக்கும்.

அதற்கு முன்பே, அந்தப் பிடி நடந்த பொங்கலை அடுத்து வந்த சித்திரையில் எனக்குக் கல்யாணம். அம்மி மிதிக்கும் சடங்கில் மாப்பிள்ளை பெண்ணின் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட வேண்டும். நான் குனிந்தேன். பந்தலின் கோடியிலிருந்து காசியின் குரல் வந்தது.

"அண்ணி, உசாரு! விசில் ஊதாம வுட மாட்டாரு!"

பந்தலே சிரித்தது. நான் வெட்கத்தில் அப்படியே உறைந்துபோனேன். இரண்டு கையும் கணுக்காலில், பம்மல் பிடி. "மாப்பிள்ளை, காலை விடுங்கோ, மெட்டி போடணும்" என்று புரோகிதர் இரண்டு முறை கெஞ்ச வேண்டியிருந்தது.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுக்க மாட்டாள். முடிவை மட்டும் அவளே ஒரு தரம் மாற்றினாள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

"நானும் இத்தனை வருஷமா பாக்கறேன். அந்த விசிலை ஊத ஒருத்தரும் வரல."