இருபது நிமிடத் தாய்லாந்துக் குழம்பு

வேறு எந்தப் பொய்யை வேண்டுமானாலும் சொல்லுங்கள், சமையல் தெரியும் என்று மட்டும் சொல்லாதீர்கள். மற்ற பொய்களை உடைக்கச் சாட்சி தேட வேண்டும். இதற்கு ஓர் அடுப்பு போதும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எல்லார் கையிலும் மொபைல் வந்திராத காலம். கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. புது மெஷின் பழகிக்கொள்ள மூன்று வாரம் தாய்லாந்துக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான். (எங்கள் சித்தப்பா ஒருவர் இன்னும் தாம்பரத்தைத் தாண்டியதில்லை.) திரும்பி வந்த மாதமே மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை ஆறு மாதம், கூடவே பதவி உயர்வு.

அப்பாவிடம் கேட்டேன். "அண்ணன் இன்னா சொல்றாரோ" என்றார். எங்கள் வீட்டுச் சட்டம் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

அந்த அண்ணன், அதாவது என் பெரியப்பா, ஆரணியில் நெல் வயலும் நாலு கறவை மாடும் வைத்திருப்பவர். அந்தச் சனிக்கிழமையே பெரியம்மாவோடு கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு வாரத்துக்கே எலும்பும் தோலுமா வந்துகீற. ஆறு மாசம் போனா நீ வருவியா, உன் துணி மட்டும் வருமா? அங்க இன்னாதான் துன்ன?"

"டோஃபு குழம்பு பெரிப்பா. நானே செஞ்சு துன்னேன். இருபதே நிமிசம்."

செய்தது நான் இல்லை, என் தாய்லாந்து அறைத்தோழி. ஆனால் ஆறு மாதமும் பதவி உயர்வும் கண்முன்னே நிற்கும்போது நாக்கு தானாகச் சுழல்கிறது.

"அப்படியா? நாளைக்கு மதியம் செய். துன்னு பாத்துட்டு சொல்றேன்" என்றார் பெரியப்பா.

நல்லவேளையாகத் தோழி ஒரு பாக்கெட் பச்சை மசாலா விழுதும் இரண்டு பெட்டி டோஃபுவும் கொடுத்து அனுப்பியிருந்தாள். டோஃபு என்பது சோயாப் பாலை உறையவைத்துச் செய்வது. இவள் கொடுத்ததோ தொட்டாலே நடுங்குகிற ரகம். விழுதை வதக்கணும், தேங்காய்ப்பால் ஊற்றணும், டோஃபுவைப் போடணும். பக்கத்தில் நின்று பார்த்ததில் வரிசை தெரியும். அளவுதான் தெரியாது. பாக்கெட்டில் எல்லாம் தாய்லாந்து எழுத்து. முழு பாக்கெட்டையும் பிழிந்து வாணலியில் போட்டேன்.

அடுத்த நிமிடம் வீடே இருமியது. அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு தேங்காயின் பாலை ஊற்றிக் கொதிக்க விட்டேன். ஒரு பெட்டி டோஃபுவைக் கவிழ்த்து, சாம்பார் கிண்டுகிற மாதிரி கரண்டியால் நாலு கிண்டு கிண்டினேன். கட்டிகள் இருந்த இடம் தெரியவில்லை.

"இன்னாடி இது, பால் திரிஞ்ச மாதிரி கீது?" என்றார் அம்மா.

கூடத்திலிருந்து பெரியப்பாவின் குரல்: "இன்னாம்மா, இருபது நிமிசம் இன்னும் ஆவலையா?" (அப்போதே ஒன்றேகால் மணி நேரம்.)

விழுது இன்னொரு பாக்கெட் கிடையாது. அதனால் அந்தக் குழம்பை டீ வடிகட்டியில் வடிகட்டினேன். உலகத்திலேயே குழம்பை டீ மாதிரி வடிகட்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்னும் ஒரு தேங்காய், கொஞ்சம் வெல்லம், எலுமிச்சம்பழம். அடுப்பை அணைத்தபின் இரண்டாவது பெட்டியைத் திறந்து, துண்டு துண்டாக வெட்டி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக இறக்கினேன். கரண்டியை ஒளித்து வைத்தேன்.

பெரியப்பா மோப்பம் பிடித்தார். "சென்னாகூனி வாசனை வருதே!" விழுதில் அந்தப் பொடி இறால் சேர்ந்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாகக் கையை நீட்டியவர், வெள்ளைத் துண்டுகளைப் பார்த்ததும் நிறுத்தினார். முகம் சிவந்தது.

"சீம்பாலைப் போயி குழம்புல போட்டியா? கன்னுக்குட்டி வாய்க்கிப் போவறத காரத்துல போட்டு கொதிக்க வெச்சியா?"

"ஐயோ பெரிப்பா, இது சோயாக் கொட்டை! இதுல மாடே கிடையாது!"

நம்பாமல் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். அவர் வழுக்கைத் தலையில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. மூக்கு ஒழுகியது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். என் ஆறு மாதமும் அந்தத் துண்டோடு போயிற்று என்று நினைத்தேன்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்றார்.

மூன்று முறை சோறு வாங்கினார். அப்பா இலையை வழித்தார். நான் ராணி மாதிரி நின்றுகொண்டிருந்தபோது பெரியம்மா சாதாரணமாகக் கேட்டார்: "அங்கயும் தெனம் நீயேவா செஞ்ச?"

ஜெயித்த தெம்பில் உண்மை வாயிலிருந்து வழுக்கிவிட்டது. "இல்ல பெரிம்மா. கூட இருந்த பொண்ணு செஞ்சா. நான் பாத்திரம்தான் தேச்சேன்."

அம்மா தலையில் கை வைத்தார். பெரியப்பா நிமிர்ந்தார். "அந்தப் பொண்ணு பேரு இன்னா?"

"நொய்."

"நொய்யா? கோழிக்குப் போடுவோமே, அந்த நொய்யா?"

"பேரே அதான் பெரிப்பா."

"மறுபடி போனா அவகூடத்தான் இருப்பியா?"

"ஆமா. அதே ரூம்தான்."

"அப்ப போயிட்டு வா" என்று இலையை மடித்தார். "நீ தனியா குந்திகினு பட்டினி கெடப்பியோன்னுதான் பயந்தேன். ஆக்கிப் போட ஒருத்தி கீறா இல்ல?"

போனேன். ஆறு மாதமும் நொய் சமைத்தாள், நான் தேய்த்தேன். நாலு கிலோ கூடித் திரும்பி வந்தேன்.

அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு இன்னா சமைக்கத் தெரியும்?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்வதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார்.

"சமையல் சுத்தமா வராதும்மா. ஆனா பாத்திரம் ஜோரா தேய்க்கும். ஃபாரின்லயே தேச்சு பேர் வாங்கின பொண்ணு."

காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை சொன்னார்: "பரவால்ல மாமா. நான் நல்லா சமைப்பேன்."

இன்றுவரை அவர் சமையல், நான் பாத்திரம். சண்டையே இல்லை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில்தான் கொஞ்சம் தலைகுனிவு. கடைசிப் பந்தி எழுந்ததும் யாராவது ஒருவர் அண்டாவைத் தட்டிக் கூப்பிடுவார்: "ஃபாரின் ரிட்டர்ன் எங்க? வரச் சொல்லு!"