மூங்கில் மாடியும் என் மனைவியின் எடையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் குறையொன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே என் முழங்கால் சௌக்கியம், உங்கள் மாப்பிள்ளை சௌக்கியம், உங்கள் மகள் ரொம்பவே சௌக்கியம். என் மனைவியும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும். என்னோடு பேச்சுவார்த்தை இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம் கீழே வருகிறது.

தங்கள் கடிதம் கிடைத்தது. நகரத்தில் தங்கள் நண்பரின் கட்டடக் கம்பெனியில் உங்கள் மகளுக்கு வேலை தயாராக இருக்கிறது, உட்காரும் நாற்காலிகூடச் சுழலும் என்று எழுதியிருந்தீர்கள். கட்டடக்கலை படிக்க வைத்தது கிராமத்தில் மூங்கில் கட்டவா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள், சொல்லி அனுப்பிவையுங்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு முழுச் சம்மதம். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வாழ்நாளெல்லாம் ஆடிக்கொண்டே நின்றவன் நான். இனிமேலாவது ஆடாத இடத்தில் உட்காரலாம் என்றுதான் இந்த ஊருக்கு வந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்த கதையைக் கேட்டால் நாளைக்கே வண்டி வைத்துக்கொண்டு வந்து மகளை அழைத்துப் போய்விடுவீர்கள்.

ஊருக்குப் பொதுவாக ஒரு கற்றல் மையம் கட்டப்போகிறேன் என்று உங்கள் மகள் ஆரம்பித்தாள். கீழே பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதவும் பெரியவர்கள் கம்ப்யூட்டரும் தையலும் கற்கவும் ஒரு கூடம், மேலே உட்கார்ந்து படிக்க ஒரு மாடி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் மூங்கிலாம். ஓடைக்கரையில் வளர்வதை வெட்டிக் கட்ட வேண்டுமாம், வெட்டிய இடத்தில் புதுக் கன்று வைக்க வேண்டுமாம், என்றைக்காவது ஒரு தூண் பழுதானால் வெளியாள் யாரையும் கூப்பிடாமல் ஊர்க்காரர்களே மாற்றிக்கொள்ள வேண்டுமாம். சரி, செய்யட்டும் என்று தலையாட்டினேன். சம்பந்தி, தலையாட்டும் முன் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

முதலில் மூங்கில் வந்தது. வெட்டிய மூங்கில் வெயிலில் கிடந்தால் வெடிக்குமாம், மழையில் கிடந்தால் பூஞ்சை பிடிக்குமாம், இந்த ஊரிலேயே நீளமான நிழல் எங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறதாம். முன்வாசலில் நுழைந்த மூங்கில் கூடத்தைக் கடந்து, சமையலறையைக் கடந்து, பின்கதவு வழியாக வெளியே தலை நீட்டியது. கதவைச் சாத்த வழியில்லை. குளிக்கப் போவதென்றாலும் குனிந்து, தாண்டி, மறுபடி குனிந்துதான் போக வேண்டும். பக்கத்து வீட்டு ஆடு முன்னால் ஏறிப் பின்னால் இறங்குவதை வழக்கமாகவே வைத்துக்கொண்டது. என் வீட்டில், என் கண்ணெதிரே, டிக்கெட் இல்லாமல்!

அப்புறம் ஊறவைக்கும் படலம். பூச்சி அரிக்காமல் இருக்க மூங்கிலை வெங்காரம் கலந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டுமாம். அதற்குக் குழி வெட்டினார்கள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? என் கத்தரிப் பாத்தியில். மருந்து உள்ளே இறங்க ஒவ்வொரு கணுவையும் நீளக் கம்பியால் குத்தித் துளைக்க வேண்டும். உங்கள் மகள் நேராக என்னிடம் வந்து, "மாமா, ஓட்டை போடறதுல உங்களை அடிச்சுக்க ஆளே கிடையாதே" என்று சொல்லிக் கம்பியை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். டிக்கெட்டில் ஓட்டை போடும் சின்னப் பஞ்ச் கருவியையும் இந்தக் கடப்பாரைக் கம்பியையும் ஒன்றாக நினைக்கிற பெண்ணுக்கு யார் பட்டம் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. குத்தினேன். ஒரு தோள்பட்டை வீங்கியதும் மறு கையால் குத்தினேன். உங்கள் மாப்பிள்ளை வேலைக்குப் போய் வந்த கையோடு கயிறு கட்டப் போய்விடுவான். என் மனைவி கூரை வேய்கிறவர்களுக்குத் தலைவியாகிவிட்டாள். மாலை டீக்கு நான் கூரையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டியதாயிற்று, அங்கிருந்து, "பால் எங்க இருக்குன்னு தெரியும்ல?" என்று பதில் வரும்.

ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள். திறக்க அனுமதி வேண்டுமே, அதற்காக ஒரு இன்ஜினியர் வந்தார். மூங்கிலை நகத்தால் தட்டிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"இந்த மாடி எவ்வளவு தாங்கும்?"

"நீங்க சொல்ற எடையை ஏத்திக் காட்டறோம் சார். தாங்கலைன்னா நானே பிரிச்சு எடுத்துடறேன்" என்றாள் உங்கள் மகள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கத்தரிப் பாத்தியைக் காவு கொடுத்துக் கட்டியதை இவள் பிரித்து எடுப்பாளாமே!

வழக்கமாக மணல் மூட்டைகளை அடுக்கித்தான் சோதிப்பார்களாம். மணலுக்கு எங்கே போவது? ஊரில் தாராளமாகக் கிடைப்பது மனிதர்கள்தான். ஆளை ஏற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இன்ஜினியர் படியடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் எடையைச் சொல்லிவிட்டு ஏற வேண்டும். அவர் குனிந்த தலை நிமிராமல் கூட்டிக்கொண்டே வருவார். அவர் கேட்ட எடை வந்ததும் நிறுத்தச் சொல்வார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஊரே வரிசையில் நிற்கும்போது தன் எடையை எவன் உண்மையாகச் சொல்வான்? தன் கடை வாசலில் பக்கவாட்டாகத் திரும்பி நுழைகிற மளிகைக்காரர் "அறுபது" என்று கூசாமல் சொல்லிவிட்டு ஏறினார். அவர் சம்சாரம் "அவரைவிடப் பத்து கம்மி" என்றாள். தையற்காரம்மா சொன்ன எடை அவருடைய தையல் மிஷினுக்கே பொருந்தாது. என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாப்பத்தெட்டு" என்றாள். சம்பந்தி, கல்யாணத்தன்றைக்கே அவள் நாற்பத்தெட்டு இல்லை.

மாடியில் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். இன்ஜினியரோ, "பத்தாது, இன்னும் ஏத்துங்க" என்றார். இன்னும் ஏறினார்கள். "பத்தாது." உங்கள் மகள் ஒரு தூணைக் கட்டிப்பிடித்து அதில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது.

"மாமா, இதுல பாதிப் பேர் ஏறினாலே எடை சேர்ந்துடும்னு கணக்குப் போட்டிருந்தேன், இன்னும் சேரலைங்கறாரே. என் கணக்குலதான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் போல" என்றாள். குரல் நடுங்கியது. அவ்வளவு நாளில் அவள் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

மீசை அரும்பிய பையனைக் குழந்தை என்று சொல்லி அரை டிக்கெட் எடுத்த அப்பாக்கள் எத்தனை பேரைப் பார்த்தவன் நான்! பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியாதா?

"நிறுத்துங்க சார்! கணக்கு சரிதான். ஏறினவங்க சொன்னதுதான் பொய்!" என்று கத்திவிட்டேன்.

இன்ஜினியர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். "யார் பொய் சொன்னது? சும்மா சொல்லக் கூடாது பெரியவரே. ஆதாரம் இருக்கா?"

மாடி முழுக்க என்னையே பார்த்தது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்த எடை உலகத்திலேயே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டேன்.

"என் சம்சாரம் சார். நாப்பத்தெட்டு இல்ல, எழுபத்தி மூணு. போன மாசம் டாக்டர் சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

மேலேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றாள். இத்தனை வருஷக் குடும்பத்தில் என்னை இவ்வளவு பயமுறுத்திய வார்த்தை வேறில்லை. ஆனால் அதோடு மடை திறந்துவிட்டது. "சார், நானும் கொஞ்சம் குறைச்சுதான் சொன்னேன்" என்று மளிகைக்காரர் கையைத் தூக்கினார். "கொஞ்சமா?" என்று அவர் சம்சாரம் கேட்டாள். தையற்காரம்மா சிரித்துவிட்டார். அப்புறம் ஆளாளுக்கு உண்மையைக் கூவ, இன்ஜினியர் அடித்து அடித்து எழுதினார். அவர் கேட்ட எடையைத் தாண்டி எவ்வளவோ நேரமாகியிருந்தது. ஏறக்குறைய இரட்டிப்பு நின்றுகொண்டிருந்தது மேலே! மூங்கில் ஒரு முனகல் முனகியதோடு சரி. ஒரு கட்டுகூட நெகிழவில்லை. மாடியில் கைதட்டிக் குதித்தார்கள். அந்தக் குதியலையும் அது தாங்கியது. இன்ஜினியர் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தானும் ஏறிப் பார்த்தார். அவர் எடையை அவர் சொல்லவில்லை. உங்கள் மகள் தூணை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். என் கண்ணிலும் தூசி விழுந்தது.

மையம் திறந்தாகிவிட்டது, தொல்லை விட்டது என்று பார்த்தால் அதுவும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள். வீட்டுக்குள் மறுபடியும் மூங்கில், பாத்தியில் மறுபடியும் குழி. இந்த வயதில் எனக்கு இது ஆகிற காரியமா? ஆகையால், தங்கள் எண்ணப்படி உங்கள் மகளை உடனே அழைத்துப் போய் அந்தச் சுழல் நாற்காலியில் உட்காரவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். வீட்டில் சின்னவர்கள் எல்லோருக்கும் என் ஆசிகள். நன்றாகப் படித்து, நன்றாகத் தூங்கி வளரட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியை நாடும்
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடி உள்ளே போனேன். உங்கள் மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கேம்மா என்றேன். "அப்பா சொன்ன வேலைக்குத்தான் மாமா. வர்றேன்னு நாளைக்குப் போன் பண்ணப்போறேன். நீங்களும் தினமும் புலம்பறீங்க, வீடு முழுக்க மூங்கில்னு. இந்த வயசுல உங்களை ரொம்பப் படுத்திட்டேன்" என்கிறாள்! அட அசடே, புலம்பல் என்பது எனக்குப் பொழுதுபோக்கு அல்லவா, போகாதே என்றேன். "மரியாதைக்குச் சொல்றீங்க மாமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு புடவையை மடிக்கிறாள். எத்தனை சொல்லியும் நம்பமாட்டேன் என்கிறாள்.

சம்பந்தி, மேலே எழுதியதில் அவளை அழைத்துப் போகச் சொன்னது மட்டும் சுத்தப் பொய். அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் கதவைச் சாத்தலாம், நிமிர்ந்து நடக்கலாம்; வேறு என்ன இருக்கிறது? இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் உங்கள் மாப்பிள்ளை கையில் கொடுத்து இப்போதே அனுப்புகிறேன். நாளை அவள் போன் செய்தால் அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். பெற்ற மகளிடம் பொய் சொல்லச் சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். தைரியமாகச் சொல்லுங்கள், நான் பிடிக்க மாட்டேன்.