லில்லிப் பாத்தியைக் கிளறிய சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் நலம். அங்கே உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது நீங்கள் பழப்பையோடு வந்து பார்த்தீர்கள். அதற்கு நன்றி. வந்தவரிடம் "நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்று நானும் சொன்னேன். சம்பந்தி வீட்டுக்கு வந்தால் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. கேட்டவர் தலையாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார், அவ்வளவுதான் வழக்கம். யாராவது மண்வெட்டியைத் தேடிப் போவார்களா? நான் கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் கிடக்கிறேன், குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஜன்னலுக்கு வெளியே சரக் சரக்கென்று சத்தம். என்னவென்று கேட்டால் பக்கத்து வீட்டில் ஏதோ வேலை என்கிறார்கள். சொன்னது யார்? உங்கள் மகள். என் மருமகள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பாத்தியில் இருந்தது சிவப்பு லில்லி. இலை பழுத்து விழுந்து, கிழங்குகள் மண்ணுக்குள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. மூன்று வருஷமாகப் பூக்கவில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஓய்வு என்றால் ஓய்வு, அதற்குக் கெடு வைக்க நாம் யார்? நான் எந்தப் புத்தகத்தையும் பார்த்துத் தோட்டம் போட்டவன் இல்லை. எந்தக் கிழங்கானாலும் முழங்கை ஆழம், எல்லாம் ஒரே குழியில், ஒன்றுக்கொன்று துணையாக. இது நானே கண்டுபிடித்த முறை. நீங்கள் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதனால் கயிறு பிடித்து, அளந்து, கிழங்குகளைத் தனித்தனியாகப் பிரித்து, மனை போட்ட மாதிரி வரிசையாக நட்டுவிட்டீர்கள். அதுவும் கழுத்து வெளியே தெரிகிற மாதிரி! கேட்டால் உங்கள் மகள், "நெருக்கத்துல அதுக்கு மூச்சு முட்டுதாம் மாமா, அதான் அப்பா பிரிச்சு வச்சார்" என்கிறாள். கிழங்குக்கு ஏதய்யா மூச்சு? என் மகனைக் கூப்பிட்டு நியாயம் கேட்டால், மாமனார் விஷயத்தில் தன்னை இழுக்க வேண்டாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். கடையில் வாங்க ஒன்றுமே இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

டாக்டர் குனியலாம் என்றாரோ இல்லையோ, அன்றைக்கே நான் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துப் பழையபடி முழங்கை ஆழத்தில் புதைத்தேன். மழை வந்தது, போனது. குளிர் வந்தது, போனது. இப்போது வெயில் ஏறிவிட்டது, ஊரில் உள்ள தொட்டிகளிலெல்லாம் லில்லி தலைகாட்டுகிறது, என் பாத்தி மட்டும் மொட்டைத் தலையாகக் கிடக்கிறது. பயந்துபோயிருக்கும், வேறென்ன? தூங்குகிற ஒருவரை நடு ராத்திரியில் எழுப்பி, அளந்து, வேறு கட்டிலில் படுக்க வைத்தால் அவர் மறுநாள் சிரித்துக்கொண்டா எழுந்திருப்பார்?

இதை உங்கள் சம்பந்தியம்மாவிடம் சொன்னால் கேட்கிறாளா? அவளுக்கு ரொம்ப நாளாக அந்த இடத்தின் மேல் ஒரு கண். துணி காயப்போட வெயில் விழுகிற இடம் வீட்டில் அது ஒன்றுதானாம். "மூணு வருஷமாவா ஒரு கிழங்கு தூங்கும்? உங்களை மாதிரியே வளர்த்து வச்சிருக்கீங்க" என்றாள். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். பாத்தியின் இந்தக் கோடியில் ஒரு இரும்புக் கம்பம், அந்தக் கோடியில் ஒன்று, நடுவில் கான்கிரீட். அதற்கப்புறம் என் ஜன்னலுக்கு வெளியே நான் பார்க்கப்போவது என்னுடைய பனியன்களைத்தான்.

ஆகவே நீங்கள் உடனே உங்கள் சம்பந்தியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். லில்லி பூக்காததற்குக் காரணம் நீங்கள் கிளறியதுதான், நான் வைத்த ஆழம்தான் சரியான ஆழம், பாத்திக்கு இன்னும் ஒரு வருஷம் தவணை தர வேண்டும் என்று தெளிவாக இருக்கட்டும். நான் எழுதச் சொன்னதாகத் தெரியக் கூடாது. வருத்தம் தெரிவித்தால் போதும், மன்னிப்பெல்லாம் வேண்டாம், நாம் உறவுக்காரர்கள்.

உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் உடல் சுகமும், மன நிம்மதியும், மண்வெட்டியை மறந்த நீண்ட ஓய்வும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் சம்பந்தி

பி.கு: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பியபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். பாத்தியில் இடம் போதாமல் நீங்கள் அங்கே நட்டு, நான் தோண்டாமல் விட்டுப்போன நாலைந்து கிழங்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் தடிமனுக்குத் தண்டு, அதன் தலையில் மொட்டு. எனக்கு முன்னாலேயே உங்கள் சம்பந்தியம்மா பார்த்துவிட்டாள். "பரவாயில்லையே, உங்க கைக்கும் பூக்குது" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. கொத்தனாரை வர வேண்டாம் என்று அவளே சொல்லியனுப்பிவிட்டாள். எனவே அந்தக் கடிதத்தை எழுதிவிடாதீர்கள். இதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம்தான், ஆனால் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறுவதாக இல்லை. கழுத்து எத்தனை விரல் வெளியே தெரிய வேண்டும் என்பதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வீட்டுக்கு அனுப்பாமல் மகனுடைய ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புங்கள்.